கையில் கட்டிய கணக்கப்பிள்ளை

செருப்போ மிக்ஸியோ வாங்கப் போனால் நாம் கேட்கிற முதல் கேள்வி, 'நல்லா உழைக்குமா?' இரண்டாவது கேள்வி, 'இதுல வேற என்னெல்லாம் இருக்கு?' கையில் கட்டுகிற ஃபிட்னஸ் பேண்ட் பழுதாகிப்போய் இன்னொன்று வாங்கப் போகிறவர்களும் இந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள். இந்த இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

ஒரு சின்னக் கணக்கு. (பி.காம். படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?) லித்தியம் பேட்டரி சுமார் 500 முறை முழுசாக ஏறி இறங்கினால் களைத்துவிடும். பெரிய வண்ணத்திரை, ஜி.பி.எஸ்., போன் பேசும் வசதி எல்லாம் உள்ள மாடலுக்குப் பெரும்பாலும் தினம் சார்ஜ் போட வேண்டும். ஒன்றரை வருஷத்தில் 500 தீர்ந்தது. சின்னத் திரை, நடந்த அடி, இதயத்துடிப்பு, இதோடு நிறுத்திக்கொண்ட மாடலுக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை போதும். வருஷத்துக்கு 36. பேட்டரிக்குச் சும்மா இருந்தாலும் வயசாகும் என்பது வேறு விஷயம். ஆனாலும், கூடுதல் காசு கொடுத்து வாங்குகிற வசதிகள் ஆயுளில் கழிகின்றன. பேட்டரியை மாற்றிக்கொள்ளலாமே என்றால், பெரும்பாலானவற்றைத் திறக்கவே முடியாது. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

அட்டைப்பெட்டியில் '50 மீட்டர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆழ்கடலில் குதித்துவிடாதீர்கள். அசையாத தண்ணீரில் 50 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தைச் சோதனைச்சாலையில் தாங்கியது என்றுதான் அதற்கு அர்த்தம். வெந்நீர், சோப்பு, சென்னை வியர்வை, நாளாக ஆக இறுகிப்போகும் ரப்பர் வளையம், இதெல்லாம் அந்தப் பரீட்சையின் சிலபஸில் கிடையாது.

இன்னொன்று. அக்கவுன்டன்சியில் 'கோயிங் கன்சர்ன்' என்று ஓர் அனுமானம் உண்டு. கம்பெனி நாளைக்கும் இருக்கும் என்று நம்பித்தான் இன்றைக்குக் கணக்கு எழுதுவோம். பேண்ட் வாங்குகிறவரும் தெரியாமலே அந்த அனுமானத்தில் கையெழுத்துப் போடுகிறார். ஜாபோன் என்று கொடிகட்டிப் பறந்த கம்பெனி 2017-ல் கலைக்கப்பட்டது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு பேண்டைக் கொண்டுவந்தது. 2016-ல் விற்பனையை நிறுத்தி, 2019 மே 31-ல் அதன் ஆப்பையும் சர்வரையும் மூடியது. தொடர்ந்து பயன்படுத்தியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது பெரிய மனசு. ஆனால் பேண்ட் கையில் நன்றாக இருக்கும்போதே பாதி வசதிகள் போய்விட்டன. இந்தப் பக்கம் பாருங்கள். எச்.எம்.டி. 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. எங்கப்பாவின் எச்.எம்.டி.க்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. சாவி கொடுத்தால் ஓடுகிறது.

சரி, எதை வாங்குவது? அதற்கு முன்னால், போனது எது என்று பார்த்துவிடலாமா? வெறும் பிளாஸ்டிக் பட்டையா, இல்லை நாம் நடப்பதற்கு இருந்த சாட்சியா?

நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒருவரைப் பார்க்கிறேன். வாசல் வரை வந்துவிட்டு, வெறும் மணிக்கட்டைப் பார்த்துத் திரும்பி வீட்டுக்குப் போகிறார். 'மாட்டிக்காம நடந்தா வேஸ்ட் சார்' என்கிறார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இப்போது கால் நடப்பது இடது கைக்குத் தெரியாவிட்டால் நடந்ததாகவே ஆகாது! சித்ரகுப்தன்கூடப் பேரேட்டைக் கடைசியில் ஒரே ஒரு தடவைதான் பிரித்துக் காட்டுகிறார். அந்த நாகரிகம் இந்தக் கணக்கப்பிள்ளைக்கு இல்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் காட்டுகிறது.

காட்டினால் என்ன ஆகும்? மார்ச் 31 அன்று கம்பெனிகளில் நடப்பதுதான். விண்டோ டிரெஸ்ஸிங். ராத்திரி ஒன்பதரை மணிக்கு 9,200-ல் நிற்கிறவர், ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்து பத்தாயிரத்தைத் தொடுகிறார். அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது? 1965-ல் ஜப்பானில் விற்ற ஓர் அடியளவியின் பெயர் 'மான்போ-கே', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விற்பதற்கு வைத்த பெயர் உலகத்துக்கே சட்டமாகிவிட்டது. 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களைக் கவனித்தார்கள். தினம் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனால் பலன் பெரிதாகக் கூடவில்லை.

அதற்காகக் கழற்றி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. ரிட்டயர் ஆன பாங்க் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மனைவி இல்லை, இதயத்தில் ஸ்டென்ட். பூனாவில் வேலை பார்க்கும் மகள் தினமும் சாயங்காலம் தன் போனில் அப்பாவின் கணக்கைப் பார்க்கிறாள். 6,000 அடி, துடிப்பு சரி. அவளுக்கு அன்றைக்கு நிம்மதியான தூக்கம். இந்த உபகாரத்தை எந்த எச்.எம்.டி. செய்யும்?

போன மாதம் அவருடைய பேண்ட் செத்துவிட்டது. கணக்கில் பூஜ்யம். உடனே போன். 'அப்பா, என்னாச்சு? நல்லாத்தானே இருக்கீங்க?' ஒரு வாரம் தினமும் கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது வரை பேசியிருக்கிறார்கள். 'பேண்ட் நல்லா இருந்த வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுவா. அதான் தெரிஞ்சுடுதே, எதுக்குக் கூப்பிடணும்?' என்றார். குறையாகச் சொல்லவில்லை. புதுசு ஒன்று பார்த்துத் தரும்படி கேட்கத்தான் வந்திருந்தார். 'நல்லா உழைக்கணும், எல்லாமும் இருக்கணும்.'

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. அவள் அலட்சியமாக இல்லை, கவலைப்படாமல் இருக்கிறாள். கவலை இல்லாத இடத்தில் பேச்சு எதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கும்? 'சாப்பிட்டியாப்பா?' என்பது தகவல் கேட்கும் கேள்வியா என்ன?

சின்னத் திரை, சாதாரண வார், பத்து நாள் பேட்டரி உள்ள மாடலாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். போன் பேசும் வசதி வேண்டாம், அதற்குப் போன் இருக்கிறது. பழைய கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அப்புறம், சார்ஜ் போடுவதை மட்டும் காலையில் நடக்கக் கிளம்பும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பத்து நாளைக்கு ஒரு தடவை கணக்கில் முந்நூறு அடிதான் ஏறும். சாயங்காலம் பூனாவிலிருந்து போன் வரும்.