சந்திரனின் மண்ணுக்கு என்ன விலை?

ஒரு சரக்கின் விலையைக் கேட்டவுடனேயே பாதி சங்கதி விளங்கிவிடுவது நம் போன்ற வியாபாரிகளின் பழக்கம். 2020 டிசம்பரில் அமெரிக்க விண்வெளி இலாகாவான நாசா, சந்திரனின் மண்ணை விலைக்கு வாங்க நான்கு தனியார் கம்பெனிகளுடன் ஒப்பந்தம் செய்தது. ஒன்றுக்கு 15,000 அமெரிக்க வெள்ளி. ஒரு ஜப்பானியக் கம்பெனிக்கும் அதன் ஐரோப்பியக் கிளைக்கும் ஆளுக்கு 5,000. லூனார் அவுட்போஸ்ட் என்ற நான்காவது கம்பெனி கேட்டதோ ஒரே ஒரு வெள்ளி! மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரவும் வேண்டியதில்லை. அள்ளிப் படம் பிடித்துக் காட்டினால் அங்கேயே உரிமை கைமாறும். அச்சாரம் பத்து சதவிகிதம், அதாவது பத்துக் காசு. அதற்கும் ஒரு காசோலை.

ஒரு வெள்ளிக்கு விற்பவர் லாபத்துக்கு விற்கவில்லை. இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது ரசீதுதான். சந்திரனில் எடுத்ததை எடுத்தவர் விற்கலாம் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் தேவைப்பட்டது. நாசா இதை மறைக்கவுமில்லை. (2025 ஜூன் முடிய ஒரு பிடி மண்ணும் ஒப்படைக்கப்படவில்லை. ஒரு கம்பெனி திவாலாயிற்று. ஜப்பானியரின் இரு கலங்கள் மோதி நொறுங்கின. ஒரு வெள்ளிக் கம்பெனியின் வண்டி, ஏறிச் சென்ற கலம் சாய்ந்ததால் வெளியே வர முடியவில்லை.)

சந்திரனை எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்கிறது 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கை. அள்ளிய மண்ணைப் பற்றி அது வெளிப்படையாகப் பேசவில்லை. அந்த இடைவெளியில் அமெரிக்கா 2015-ல் சட்டம் இயற்றி, எடுத்தது தன் பிரஜைகளுக்கே சொந்தம் என்றது. 2017-ல் லக்ஸம்பர்க் பின்தொடர்ந்தது. எடுப்பது மட்டுமே இடத்தை அபகரிப்பதாகாது என்று கூறும் ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் சிங்கப்பூரும் 2022-ல் கையொப்பமிட்டது. ஆகவே இது நமக்கு எட்டாத சங்கதியன்று.

அவர்கள் கூறும் நியாயம் இது: கடல் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்த மீன் பிடித்தவனுக்குச் சொந்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உழைத்தவனுக்கும், முதல் போட்டு நஷ்டத்துக்குத் துணிந்தவனுக்கும் பங்கு உண்டென்பதை நாம் மறுக்க மாட்டோம். ஆனால் கடலில் சிறு தோணிக்காரனும் வலை வீசலாம். சந்திரனுக்குத் தோணி ஏது? மனிதரை அங்கே இறக்கும் கலத்துக்கு நாசா 2021-ல் இலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸுக்கு 289 கோடி வெள்ளியும், 2023-ல் ஜெப் பெசோஸின் புளூ ஆரிஜினுக்கு ஏறத்தாழ 340 கோடி வெள்ளியும் கொடுக்க ஒப்புக்கொண்டது. தோணி கோடீஸ்வரர்களுடையது, கட்டும் செலவில் ஒரு பகுதி வரி கட்டியவர்களுடையது. மேலும் மீன் குஞ்சு பொரிக்கும். சந்திரனில் பயனுள்ள பனிக்கட்டியோ துருவங்களை அடுத்து, வெயிலே படாத சில பள்ளங்களில் கிடக்கிறது. முதலில் போனவர் எடுத்தால் பின்னால் வருகிறவருக்கு அது திரும்ப முளைக்காது.

எடுக்கவே கூடாது என்பது நம் கட்சியன்று. சந்தையில் கடை போடுகிறவன் இடத்துக்குக் குத்தகை கட்டுகிறான். அதனால் எந்த வியாபாரமும் படுத்துவிடவில்லை. ஆழ்கடலின் அடித்தளம் மனித குலத்தின் பொதுச் சொத்து, அங்கே வெட்டியெடுப்பவர் பொதுவுக்கு ஒரு பங்கு தரவேண்டும் என்று 1982-ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை ஏற்கெனவே எழுதியிருக்கிறது. சந்திரனுக்கும் அதுபோல 1979-ல் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். அமெரிக்காவும் ருஷ்யாவும் சீனாவும் அதில் சேரவில்லை. சேராதவர்களை மறுபடியும் உட்காரவைத்துக் குத்தகையைப் பேச, சரக்கு இன்னும் எவர் கைக்கும் வராத இந்தச் சமயத்தைவிட நல்ல சமயம் வாய்க்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.