உண்மை உரைத்தவன் தகுதியற்றவனா?

பொலிஸ் சேவைக்கு ஆட்சேர்க்கும் அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவரும்போதெல்லாம், வயது, கல்வி, உயரம், மார்பளவு, கண்பார்வை ஆகியவற்றோடு, விண்ணப்பதாரர் உடலாலும் உள்ளத்தாலும் நலமுடையவராயிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் இடம்பெறுகின்றது. உயரத்தை அளக்க அளவுகோல் உண்டு. பார்வையைச் சோதிக்க எழுத்துப் பலகை உண்டு. உள்ளத்தின் நலத்தை அளப்பது எவ்வாறு? முன்னொரு காலத்தில் மனநோய்க்கு மருந்துண்டு குணமடைந்தவர், அல்லது இன்றும் நாள்தோறும் ஒரு குளிசையை விழுங்கிக்கொண்டு தம் கடமைகளைச் செவ்வனே செய்துவருபவர், உளநலம் உள்ளவரா, இல்லாதவரா? இக்கேள்வி மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று. நீதியையும் உண்மையையும் மனித மாண்பையும் பற்றிய கேள்வியாதலின் நம் எல்லோருக்கும் உரியதாகும்.

கல்முனைக் கரையோரத்துப் பாடசாலைகளில் உயர்தர வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காயன்று. மருதமுனையில் தறி நெய்பவரின் மகனுக்கும், சாய்ந்தமருதில் கடலுக்குச் செல்பவரின் மகனுக்கும், நிந்தவூரில் வயற்கூலி செய்பவரின் மகளுக்கும் பொலிஸ் உத்தியோகம் என்பது மாதச் சம்பளம், ஓய்வூதியம், குடும்பத்தின் கடனுக்கு ஒரு முடிவு. நற்சான்றுப் பத்திரம் கேட்டு வரும் மாணவருள் சிலர், ஏனையோர் சென்ற பின்னும் தயங்கி நின்று, தாழ்ந்த குரலில் வினவுவதுண்டு: "சேர், ரெண்டு வருஷத்துக்கு முந்தி நித்திர வராம கிளினிக்குக்குப் போய் மருந்து எடுத்த நான். டொக்டர் கேட்டா சொல்றதா, மறைக்கிறதா?"

நேர்மையைப் போதிக்கும் ஆசிரியன் இதற்கு என்ன விடை பகர்வது? "சொல்" என்றால், அவ்விளைஞனின் வாழ்வுக்கு வாயில் அடைபடலாம். "மறை" என்றால், சட்டத்தைக் காக்கப் புறப்படும் ஒருவனுக்கு, முதல் அடியையே பொய்யின்மீது வைக்குமாறு கற்பித்தவராவோம். இத்தருமசங்கடம் தனி மனிதனின் ஒழுக்கக் குறைவிலிருந்து பிறப்பதன்று. உண்மைக்குத் தண்டனையும் மறைப்புக்குப் பரிசும் வழங்கும் ஓர் ஏற்பாட்டிலிருந்தே பிறக்கின்றது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் நேர்மையுடன் நோக்குவோம். பொலிஸ் உத்தியோகம் ஏனைய உத்தியோகங்களைப் போன்றதன்று. பொலிஸ்காரரின் கையில் துப்பாக்கி இருக்கின்றது. இரவு பகலாக விழித்திருக்கும் கடமை இருக்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொலிஸ் நிலையத்துக் கூட்டினுள் அடைபட்டிருக்கும் மனிதரின் உயிர் அவர் பொறுப்பில் இருக்கின்றது. அவ்வாறு அடைபடுவோருள் பெரும்பாலோர் ஏழைகள் என்பது எவரும் அறிந்தது. அவர்களுடைய பாதுகாப்பு, விண்ணப்பதாரரின் உத்தியோக ஆசையிலும் மேலானது. ஆகவே, இல்லாத குரல்கள் காதில் ஒலிக்கும் நிலையில் இன்று இருப்பவரிடமோ, தம் உயிரையே வெறுத்திருக்கும் நிலையில் இன்று இருப்பவரிடமோ துப்பாக்கியைக் கொடுத்தல் ஆகாது. அது அவருக்கும் தீங்கு, பிறருக்கும் தீங்கு. இதை மறுப்பது முற்போக்காகாது, பொறுப்பின்மையே ஆகும்.

ஆனால், "இன்று" என்ற சொல்லை நாம் கூர்ந்து கவனித்தல் வேண்டும். இன்றைய நிலை பற்றிய நியாயமான அச்சத்தை, என்றோ ஒருநாள் வைத்தியசாலைப் பதிவேட்டில் ஏறிய பெயரின்மீது சுமத்துவது சரியா? ஆபத்தை முன்கூட்டிக் காட்டும் கருவியாக அப்பதிவேடு அமைகின்றதா? நம் நாட்டு அனுபவம் ஒன்றையேனும் எடுத்து நோக்குவோம்.

கல்முனைக்குத் தெற்கே, இதே கரையோரத்தில் உள்ள திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில், 2021 டிசம்பர் 24ஆம் திகதி இரவு, சார்ஜன்ட் ஒருவர் தம் சகாக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்தார். நால்வர் உயிரிழந்தனர். விடுமுறை மறுக்கப்பட்ட ஆத்திரமே காரணம் என அந்நாளைய செய்திகள் கூறின. அவர் புதிதாய்ச் சேர்ந்தவரல்லர். படிப்படியாக உயர்ந்து சார்ஜன்ட் ஆனவர். ஆட்சேர்ப்பு நாளில் கேட்கப்படும் ஒரு கேள்வி, பல்லாண்டுகளுக்குப் பின்னர் வேலைச் சுமையும் வீட்டுக் கவலையும் சேர்ந்து ஒருவரின் உள்ளத்தில் எழுப்பும் கொந்தளிப்பை அறிவிக்க வல்லதன்று. அக்கொந்தளிப்பைத் தணிப்பது நேரத்துக்குக் கிடைக்கும் விடுமுறை. காதுகொடுத்துக் கேட்கும் மேலதிகாரி. வெட்கமின்றிச் சென்று காணத்தக்க வைத்தியர்.

ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகின்றது என்பதையும் ஆராய்தல் தகும். 2009 ஒக்டோபர் 29ஆம் திகதி, கொழும்பு பம்பலப்பிட்டிக் கடலில், மனநோயுற்ற ஒரு தமிழ் இளைஞன் கைகூப்பி மன்றாடிக்கொண்டிருக்கையில், தடிகளால் அடிக்கப்பட்டு நீரில் மூழ்கி மாண்டான். அடித்தோருள் பொலிஸார் இருந்தனர். கரையில் நின்றோர் பலர் பார்த்திருந்தனர். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அன்று ஆபத்து நோயாளியிடமிருந்து வரவில்லை. நோயைப் பற்றிய அறியாமையிலிருந்தும் இரக்கமின்மையிலிருந்தும் வந்தது. மனநோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் பிறருக்குத் தீங்கிழைப்பவரல்லர். பிறரால் தீங்குக்கு ஆளாகின்றவரே என்பது விஞ்ஞானம் நிறுவிய உண்மை. மனச்சோர்வின் இருளைத் தாமே கண்டு மீண்ட ஒரு பொலிஸ்காரர் அன்று அக்கரையில் நின்றிருந்தால் தடியை எடுத்திருப்பாரா என்று எண்ணிப் பார்த்தல் தவறாகாது.

இனி, மருந்தைப் பற்றிச் சிறிது நோக்குவோம். 1949இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் லித்தியத்தின் பயனை வெளியிட்டார். 1952இல் பாரிஸ் நகரில் குளோர்ப்ரோமசின் மனநோயாளருக்கு வழங்கப்பட்டது. அதற்கு முன்னர் நீண்ட மதில்களே பலருக்குச் சிகிச்சையாயிருந்தன. அதன் பின்னர் அவர்கள் வீடு திரும்பத் தொடங்கினர். நீரிழிவுக்கு இன்சுலின் எவ்வாறோ, மங்கிய கண்ணுக்குக் கண்ணாடி எவ்வாறோ, அவ்வாறே பலருக்கு இம்மருந்துகளும். மருந்து உட்கொள்வது நோயின் அடையாளமாவது போலவே, நோயை அடக்கி ஆளும் பொறுப்புணர்ச்சியின் அடையாளமும் ஆகும்.

எல்லா மருந்தும் எல்லா வேலைக்கும் ஒத்துவரும் என்று நாம் வாதிடவில்லை. சில குளிசைகள் உறக்கத்தைத் தரும். சில கைந்நடுக்கத்தைத் தரும். லித்தியம் உட்கொள்பவரின் உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு ஆபத்தான எல்லையை எட்டும். உச்சி வெயிலில் அணிவகுத்துப் பயிலும் மைதானத்தில் இது சிறிய விஷயமன்று. ஆகவே எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை காலமாக, அதனுடன் அவர் எவ்வாறு இயங்குகின்றார் என்று மருத்துவர் வினவுதல் முறையே. "மருந்து உண்டா, இல்லையா" என்ற ஒற்றைக் கேள்வியோடு கதவைச் சாத்துவதுதான் முறையன்று. அவ்வொற்றைக் கேள்விக்கு அஞ்சும் இளைஞர், பரிசோதனைக்குச் சில வாரங்களுக்கு முன் மருந்தைத் திடீரென நிறுத்தத் துணியலாம். அதனால் அடங்கியிருந்த நோய் மீளும். ஆபத்தைத் தடுக்க வந்த விதியே ஆபத்தை விளைவிக்கும் விபரீதம் இது.

சட்டம் இவர்களுக்குக் கைகொடுக்கின்றதா? நம் நாட்டு மனநோய்ச் சட்டத்தின் அடித்தளம் 1873ஆம் ஆண்டில், குடியேற்ற ஆட்சியில் இடப்பட்டது. நோயாளியை எங்கே அடைப்பது என்பதே அதன் கவலை. நலமடைந்து வந்தவர் எங்கே வேலை செய்வது என்பது அதன் சிந்தனையில் இல்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உத்தியோகத்துக்கு ஆட்சேர்க்கையில் வலுவிழப்பைக் காரணங்காட்டிப் பாரபட்சம் செய்தலாகாது என்கின்றது. ஆயினும் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரையே அச்சட்டம் வலுவிழந்தவர் என வரையறுக்கின்றது. மருந்தின் துணையோடு உழைத்து உண்பவர் அவ்வரையறைக்குள் அடங்குவதெங்ஙனம்? சட்டத்தின் கண்ணுக்கு அவர் போதிய அளவு நோயாளியல்லர். பொலிஸின் கண்ணுக்கு அவர் போதிய அளவு நலமுடையவரல்லர். இரு கதவுகளுக்கும் இடையே அவர் நிற்கின்றார்.

அயல்நாட்டில் இதற்கு ஒரு விடை தேடப்பட்டது. இந்தியாவின் மத்திய ரிசர்வ் பொலிஸ் படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவர், திரும்பத் திரும்ப எழும் எண்ணங்களால் அலைக்கழிக்கும் மனநோய்க்கும் மனச்சோர்வுக்கும் ஆளாகியிருந்தார். அவர்மீது ஒழுக்காற்று விசாரணை நடத்தப்பட்டது. 2021 டிசம்பர் 17ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அந்நடவடிக்கையை இரத்துச் செய்தது. நோயின் விளைவாக ஒருவர் விசாரணைக்கு ஆளாகும் வாய்ப்பு ஏனையோரிலும் மிகுதியாயிருக்கையில், அவ்விசாரணை மறைமுகப் பாரபட்சமாகும் என்று நீதிபதிகள் கூறினர். அதே தீர்ப்பில், துப்பாக்கியோ ஆபத்து விளைக்கும் கருவியோ கையாள வேண்டியிராத வேறு பணியை அவருக்கு ஒதுக்க அதிகாரிகளுக்குச் சுதந்திரம் உண்டு என்றும், சம்பளமும் சேவை நிபந்தனைகளும் பாதுகாக்கப்படல் வேண்டும் என்றும் விதித்தனர். ஆயுதம் வேறு, உத்தியோகம் வேறு எனப் பிரித்தறிந்ததே அத்தீர்ப்பின் சிறப்பு. அது சேவையில் உள்ளவரைப் பற்றிய தீர்ப்பு. வாயிலில் நிற்பவரைப் பற்றியதன்று. எனினும் அதன் நியாயம் வாயிலுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்ட சட்டம், நிபந்தனையுடனேனும் வேலையை வழங்கிய பின்னரே நோய் வரலாற்றைக் கேட்கலாம் என்கின்றது. முதலில் மனிதரின் திறமை. பின்னரே அவரது நோய் என்பது அதன் வரிசை.

பதவி உயர்ந்தோரையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை. 2023 ஜூலை 7ஆம் திகதி கோயம்புத்தூரில் பொலிஸ் துறையின் மிக உயர்ந்த அதிகாரிகளுள் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வுக்கு அவர் சிகிச்சை பெற்றுவந்தார் என மேலதிகாரிகள் தெரிவித்தனர். கண்டிப்பும் அதிகாரமும் மனத்தின் காயத்துக்குக் கவசமாகா என்பதை இத்துயரம் நமக்கு உணர்த்துகின்றது.

இவ்விஷயத்திலும் வர்க்க வேறுபாட்டைக் காணாதிருக்க முடியாது. வசதி படைத்தவரின் பிள்ளைக்கு மனம் தளர்ந்தால் தூரத்து நகரில் தனியார் வைத்தியர் உண்டு. ஊரில் எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாது. ஏழையின் பிள்ளை அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில், அயலார் பார்க்க, வரிசையில் நிற்கின்றான். அவன் பெயர் எழுதப்படுகின்றது. தாயத்துக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தவனுக்கு வரலாறு இல்லை. விஞ்ஞானத்தை நம்பி வைத்தியரிடம் சென்றவனுக்கு வரலாறு உண்டு. "விசர்" என்றும் "அங்கொடை" என்றும் கேலி பேசும் ஊரில், அக்கேலியைத் தாண்டிச் சென்று சிகிச்சை பெறத் துணிந்தவரையே நாம் தண்டிக்கின்றோம். அங்கொடை வைத்தியசாலையின் பெயர் 2008இல் தேசிய மனநல நிறுவகம் என மாறிற்று. நம் நாவின் பழக்கம் மாறவில்லை.

மேலும், இக்கரையோரத்தின் வரலாற்றை மறந்து இங்குள்ள உள்ளங்களை எடைபோடல் நீதியன்று. 1990 ஜூன் மாதத்தில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டனர். சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். அதே மாதத்தில் கல்முனைத் தமிழ் மக்களும் கொன்று குவிக்கப்பட்டனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் வெடித்த குண்டுகளின் ஓசையை அயல்வீட்டுச் சிறுவர் கேட்டனர். அன்று 12 வயதாயிருந்தவர் இன்று பொலிஸுக்கு விண்ணப்பிக்கும் வயதை எட்டிவிட்டார். அவருள் ஒருவர் சில மாதங்கள் உறங்க முடியாமல் மருந்துண்டார் என்றால், அது அவருடைய குலத்தின் குறையா, குணத்தின் குறையா? நாடு அவர்மீது சுமத்திய வரலாறு அது. தாய்மொழியில் முறையிடத் தமிழ் பேசும் பொலிஸார் போதாதென்று குறைபடும் பிரதேசம் இது. இம்மக்களின் துயரை அறிந்தவரையே அத்துயரைக் காரணங்காட்டி விலக்கினால், பின் யார்தான் இங்கு கடமையாற்ற வருவது?

நாம் வேண்டுவது சலுகையன்று, நியாயமான விசாரணை. நோயின் பெயரைக் கொண்டு தீர்ப்பளியாது, இன்றைய ஆற்றலைக் கொண்டு தீர்ப்பளித்தல் வேண்டும். சிகிச்சையளித்த வைத்தியரின் அறிக்கையும், சுதந்திரமான மனநல நிபுணரின் பரிசோதனையும் அதற்கு அடிப்படையாதல் வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் கிடைத்தலும், மேன்முறையீடு செய்யும் வழியும், சிலகாலம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கும் உரிமையும் வேண்டும். கூறிய உண்மை கோவைக்குள் இருத்தல் வேண்டும். ஊர் வாயில் விழலாகாது. சேவையில் சேர்ந்தபின் நோயுற்றவர், சம்பளமும் மானமும் இழக்காமல் துப்பாக்கியைச் சிலகாலம் ஒப்படைத்துச் சிகிச்சை பெற வழி இருத்தல் வேண்டும்.

தயங்கி நிற்கும் அம்மாணவனுக்கு நாம் கூறத்தக்க விடை "உண்மையைச் சொல்" என்பதே. வேறு விடையை ஆசிரியன் கூற இயலாது. ஆனால் அவ்விடையோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. உண்மை பேசுமாறு 20 வயது இளைஞனைக் கேட்கும் சமுதாயம், அவ்வுண்மையை அச்சமின்றிப் பேசத்தக்க சூழலை அவனுக்குக் கடன்பட்டிருக்கின்றது. அக்கடனை அவன் தனியே நின்று அறவிட முடியாது. ஆசிரிய சங்கங்களும் மாணவர் மன்றங்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் சேர்ந்தே கேட்டல் வேண்டும். அதுவரை, மறைக்கத் தெரிந்தவர் உள்ளே செல்வர். உண்மை உரைத்தவர் வெளியே நிற்பர். அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவரின் கையில் நம் பாதுகாப்பை ஒப்படைத்துவிட்டு, நாம் நிம்மதியாக உறங்க முடியுமா?