வளைவும் பேயும்

சிரம்பானிலிருந்து கோலா பிலா செல்லும் புக்கிட் புத்துஸ் பழைய மலைப்பாதையின் வளைவுகளைப் பற்றிப் பேய்க்கதைகள் பல வழங்குகின்றன. அகன்ற புதுச்சாலை வந்தும் கதைகள் போகவில்லை. தோட்டத்து நம்மவரிலும் பலர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பின்னரே வண்டி எடுக்கின்றனர்.

1875 டிசம்பரில் அக்கணவாயில் போர் நிகழ்ந்தது. மாண்டோரும் மனிதர், கொன்றோரும் மனிதரே. இன்று வளைவில் உயிர் போனால் மட்டும் பழி பேய்க்கு ஏன்? பழியைப் பேய் ஏற்குமாயின், தேய்ந்த பிரேக்கை மாற்றாத முதலாளி தப்புவான். உறக்கம் கலையாத சாரதி தப்புவான். தந்தையை இழந்த பிள்ளைக்கு விடை கூறுவார் யார்?

பழத்தை வைக்கக் குனிவோர் சக்கரத்தையும் சற்றே நோக்குக என்பதே நம் வேண்டுகோள். பேயை எண்ணி நடுங்கும் அச்சம் மூடத்தனம். பின்னால் அமர்ந்திருக்கும் உயிர்களை எண்ணி நடுங்கும் அச்சம் அறம்.