குற்றம் சாட்டுமுன் சாட்சியைப் பாருங்கள்

 

துப்பாக்கியால் சுடும் வீடியோ விளையாட்டுக்களை ஆடும் பிள்ளைகள் கொலைகாரர்களாக ஆகிவிடுகிறார்களாமே, இது உண்மையா என்று நம்மிடம் கேட்கும் தாய்மார்கள் பலர். அதெல்லாம் வீண் பயம், ஒரு கெடுதியும் இல்லை என்று ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள் என்று அதே வீட்டுப் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். இரு தரப்பாரும் 'நிரூபணம்' என்ற ஒரே சொல்லைத்தான் கையில் எடுக்கிறார்கள். நிரூபித்தவர் யார்? சாட்சி என்ன? அந்தச் சாட்சிக்கு இந்த வழக்கில் சொந்த லாபம் ஏதேனும் உண்டா? இவற்றைக் கேட்பார்தான் இல்லை.

செய்தி ஒன்று வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தை சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கட்டளையாகவே தருகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று சூரத்துல் மாயிதாவின் 8ஆவது வசனம் எச்சரிக்கிறது. வெறுப்பு மனிதர் மீது மட்டுமா வரும்? நமக்குப் புரியாத ஒரு பொருளின் மீதும் வரும். பிள்ளை கையில் வைத்துக்கொண்டு நம்மை ஏறிட்டும் பார்க்காமல் இருக்கிறானே, அந்தச் செல்போன் மீது வராதா?

நமது ஃபிக்ஹு நூல்களில் சாட்சியம் பற்றிய பாடத்தைப் படித்தவர்களுக்கு ஒரு சட்டம் நினைவிருக்கும். தகப்பன் மகனுக்குச் சாதகமாகச் சொல்லும் சாட்சியத்தையும், மகன் தகப்பனுக்குச் சாதகமாகச் சொல்லும் சாட்சியத்தையும் காழி ஏற்பதில்லை. பகைவன் தன் பகைவனுக்கு எதிராகச் சொல்லும் சாட்சியத்தையும் ஏற்பதில்லை. அவர்கள் பொய்யர்கள் என்பதல்ல காரணம். பாசமும் பகையும் நல்ல மனிதனின் கண்ணையும் மறைத்துவிடும் என்பதே காரணம். ஹதீஸ் கலையில் இதைவிட நுட்பமான ஒரு விதி உண்டு. தவறான கொள்கையுடைய ஒருவர், மற்றபடி உண்மையாளராக இருந்தால் அவருடைய அறிவிப்பை ஏற்கலாம். ஆனால் அந்த அறிவிப்பு அவருடைய சொந்தக் கொள்கைக்கு வலுச் சேர்ப்பதாக இருந்தால் அதை ஏற்பதில்லை என்று ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் முடிவு செய்தார்கள். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, இந்த விவாதம் மிகுதியாக நடக்கும் அமெரிக்காவைப் பார்ப்போம்.

2012 டிசம்பர் 14ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். ஒரு வாரம் கழித்து தேசிய ரைபிள் சங்கம் பத்திரிகையாளர்களைக் கூட்டி, வீடியோ விளையாட்டுக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. இச்சங்கம் யாருடையது? துப்பாக்கி வைத்திருப்போரின் உரிமைக்காகப் போராடுவது! சுட்ட துப்பாக்கியைப் பற்றிப் பேச்சு வராதிருக்க வேண்டும் என்பதில் அதற்கு அக்கறை இருக்காதா? மறு ஆண்டு வெளியான அரசு வழக்கறிஞரின் அறிக்கையைப் பார்த்தால், அவன் சுடும் விளையாட்டுக்களை ஆடியதும் உண்மை. காலால் தாளம் மிதித்து ஆடும் நடன விளையாட்டு ஒன்றில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடந்ததும் உண்மை. நடனத்தின் மீது குற்றம் சாட்ட எவரும் முன்வரவில்லை.

2007 ஏப்ரல் 16இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளியின் பெயர் முழுமையாகத் தெரிவதற்கு முன்பே, இது வீடியோ விளையாட்டின் வேலை என்று தொலைக்காட்சியில் தீர்ப்புச் சொன்னவர்கள் உண்டு. மாநில ஆளுநர் நியமித்த குழு விசாரித்தபோது, அவனோடு விடுதியில் தங்கியிருந்தவர்கள் அவன் வீடியோ விளையாட்டு ஆடியதை ஒரு நாளும் பார்த்ததில்லை என்று தெரியவந்தது. தீர்ப்புச் சொன்னவர்கள் அதைத் திரும்பப் பெற்றதாக நாம் கேள்விப்படவில்லை. கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை இத்தகையோருக்கும் உரியது. அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்புவோருக்கும் உரியது.

இதைவிட வேடிக்கை 2019இல் நடந்தது. டெக்ஸாஸ் மாநிலத்து எல் பாசோ நகரின் வால்மார்ட் கடையில், மெக்ஸிகோ வம்சாவளியினர் மீதுள்ள வெறுப்பால் ஒருவன் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். அவ்வெறுப்பை அவனே எழுதி வைத்திருந்தான். ஆயினும் ஜனாதிபதி டிரம்ப் தமது உரையில் வீடியோ விளையாட்டுக்களையும் சாடினார். சில நாட்களில் அந்த நிறுவனம் தன் கடைகளில் வன்முறை விளையாட்டுக்களின் விளம்பரப் பலகைகளை அகற்ற உத்தரவிட்டது. துப்பாக்கி விற்பனையோ தொடர்ந்தது! படத்தை எடுத்துவிட்டுப் பொருளை விற்பது என்ன நியாயம் என்று அங்குள்ளவர்களே கேட்டார்கள்.

இனி நாம் சொல்லப்போவதை முஸ்லிம் குடும்பத்தார் கவனமாகப் படிக்க வேண்டும். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 204 துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை எடுத்துப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் சுட்டவன் வெள்ளையனாக இருந்தால், கறுப்பினத்தவனாக இருந்ததைக் காட்டிலும் 8 மடங்கு அதிகமாக வீடியோ விளையாட்டைப் பற்றிய பேச்சு வந்ததாம். இதன் பொருள் என்ன? நம்மவன், நல்ல வீட்டுப் பையன் என்று நினைக்கும் ஒருவன் கொலை செய்தால், எது இவனைக் கெடுத்தது என்று வெளியே தேடுகிறார்கள். அன்னியன் என்று நினைப்பவன் செய்தால் தேடுவதில்லை; அவன் பிறப்பே காரணமாகிவிடுகிறது. கொலைகாரன் பெயர் அப்துல்லாஹ் என்றிருந்தால் அவன் எந்த விளையாட்டை ஆடினான் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பள்ளிவாசலுக்குப் போனான் என்றுதான் கேட்கிறார்கள். அந்த அநீதியின் வலி நமக்குத் தெரியும். அதே அரைகுறை விசாரணையை நாம் இன்னொன்றின் மீது நடத்தலாமா?

நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15, ஜும்ஆ வேளையில் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டதை எந்த முஸ்லிமும் மறக்க முடியாது. கொலைகாரன் தலைக்கவசத்தில் கேமராவைப் பொருத்தி, சுடும் விளையாட்டின் காட்சியைப் போலவே அதை உலகுக்கு ஒளிபரப்பினான். ஆகவே விளையாட்டுதான் காரணம் என்று நம்மவர்களிலும் சிலர் சொன்னார்கள். கோபம் நியாயமானது, ஆனால் கோபத்தில் இருக்கும் காழி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நபிமொழி. அங்கு ராஜரீக ஆணைக்குழு விசாரித்து 2020 டிசம்பரில் அறிக்கை தந்தது. அவன் சிறு வயது முதல் இணையத்திலும் இணைய விளையாட்டுக்களிலும் மூழ்கியிருந்ததை அது மறைக்கவில்லை. ஆனால் அவன் மனத்தில் ஊறியிருந்த முஸ்லிம் வெறுப்பு, அதை வளர்த்த வலதுசாரிப் பிரசாரம், யூடியூப் காட்சிகள், துப்பாக்கி உரிமம் வழங்கியதில் போலீஸ் இலாகா செய்த குறைபாடு எல்லாவற்றையும் எடுத்து வைத்தது. விளையாட்டின் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றினால், நம் மீது வெறுப்பை விதைத்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள்.

'ஆராய்ச்சி' என்ற சாட்சியையும் விசாரிப்போம். சோதனைக் கூடத்தில் ஒருவரைக் கொலை செய்யச் சொல்லிப் பார்க்க முடியாதல்லவா? ஆகவே மாணவர்களைக் கால் மணி நேரம், அரை மணி நேரம் விளையாடவிட்டு, பிறகு முன்பின் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு உரத்த சத்தம் கேட்கும்படி பொத்தானை அழுத்துகிறார்கள் என்று அளந்தார்கள். அல்லது காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு மிளகாய்க் குழம்பு ஊற்றுகிறார்கள் என்று நிறுத்தார்கள். (இந்த அளவுகோலின்படி நம் வீட்டு அடுப்படியில் நிற்பவர்களின் கதி என்னாவது!) சத்தத்தின் உரத்தை எடுப்பதா, நீளத்தை எடுப்பதா, இரண்டையும் பெருக்குவதா என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. கணக்கை மாற்றினால் முடிவும் மாறியது. வித்தியாசம் தெரிந்த சோதனைகள் அச்சேறின. ஒன்றும் தெரியாதவற்றில் பல அலமாரியில் தூங்கின. 2010இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றை 2017இல் வேறு சிலர் மீண்டும் கணக்கிட்டு, இந்தக் கோணலைக் கழித்தால் சோதனைகள் காட்டும் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது என்றார்கள். முதல் தரப்பார் அதை ஒப்பவில்லை. விளையாட்டு ஒருவனைக் குறிபார்த்துச் சுடப் பழக்குகிறது என்று 2012இல் வந்த ஒரு கட்டுரையோ, அதன் கணக்கு விவரங்களில் எழுந்த சந்தேகத்தைத் தீர்க்க முடியாமல் 2017இல் திரும்பப் பெறப்பட்டது.

கலிபோர்னியா மாநிலம் 2005இல் இத்தகைய விளையாட்டுக்களைச் சிறுவருக்கு விற்பதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. நீதிபதி ஸ்காலியா ஒரு கேள்வி எழுப்பினார்: முயல் துள்ளும் கார்ட்டூன் படங்களைப் பார்க்கும் குழந்தைகளிடமும் இதே அளவு பாதிப்பு உண்டு என்று உங்கள் நிபுணரே சொல்கிறாரே, அவற்றைத் தடுக்க நீங்கள் ஏன் வரவில்லை என்பது அதன் சாரம். ஒரு பொருளுக்கு ஒரு படி, இன்னொரு பொருளுக்கு வேறு படி! அளவில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று ஓர் அத்தியாயமே இறங்கியிருப்பது அரிசிக் கடைக்காரருக்கு மட்டுமல்ல.

இதுவரை படித்துவிட்டு, "பார்த்தாயா உம்மா, ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார்" என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் தம்பிமார்கள் சற்று உட்காருங்கள்! மறு தட்டையும் நிறுக்க வேண்டும். இந்த வியாபாரம் உலகில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலருக்கும் மேல் புரள்வது. 'கெடுதி இல்லை' என்ற செய்தி அந்த வியாபாரிக்கு லாபம் என்பதால் அவர் சாட்சியமும் மகனுக்குத் தகப்பன் சொல்லும் சாட்சியம்தான். விளையாடி வளர்ந்தவர் தம் இளமைப் பிரியத்துக்காக வாதாடுவார். விளையாடாதவர் தம் வெறுப்பை ஆராய்ச்சி என்று அழைப்பார். உச்ச நீதிமன்றமும் 'கெடுதியே இல்லை' என்று தீர்ப்பளிக்கவில்லை. கெடுதி நிரூபிக்கப்படவில்லை என்றது. அது அந்நாட்டின் பேச்சுரிமைச் சட்டத்தை வைத்து நடந்த வழக்கு. மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவரான பிரையர், இரு தரப்பு ஆய்வுகளையும் பட்டியலாகத் தமது தீர்ப்போடு இணைத்தார்.

நாம் பார்த்தவரை இன்றைய நிலை இதுதான். 2018இல் 24 ஆய்வுகளில் 17,000க்கும் மேற்பட்ட சிறுவர்களைப் பற்றிய விவரங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள், வன்முறை விளையாட்டு ஆடுவோரிடம் நாளடைவில் அடிதடிக் குணம் சற்றுக் கூடுவதாகக் கண்டார்கள், அளவு சிறியது. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் 14, 15 வயதுடைய ஆயிரம் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கேட்டுப் பார்த்ததில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. எதை, எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்பதை விவரங்கள் கைக்கு வருமுன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டு அவர்கள் ஆரம்பித்தார்கள். தொழுகைக்கு முன் நிய்யத்து வைப்பது போன்ற இந்த ஒழுங்கு நமக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கமோ 2015இல் கடுமையாகப் பேசிவிட்டு, 2020இல் தன் தீர்மானத்தைத் திருத்தியது: கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனத்தோடு தொடர்பு உண்டு, கொலை போன்ற வன்செயலுக்கு இதைக் காரணமாக்கப் போதிய ஆதாரம் இல்லை.

மது, சூதாட்டம் பற்றிப் பேசும்போது கூட, அவற்றில் மனிதர்களுக்குச் சில பயன்களும் உண்டு, ஆனால் பாவம் அதைவிடப் பெரிது என்று சூரத்துல் பகராவின் 219ஆவது வசனம் குறிப்பிடுவதைச் சிந்தித்துப் பாருங்கள். பின்னர் ஹராமாக்கப்போகும் பொருளின் பயனையும் அல்லாஹ் மறைக்கவில்லை! பெருநாள் தினத்தில் மஸ்ஜிதுன் நபவியில் ஹபஷிகள் ஈட்டிகளோடு விளையாடியபோது உமர் (ரலி) அவர்கள் சிறு கற்களை எடுத்து அவர்கள் மீது வீசினார்கள். நபி (ஸல்) அவர்களோ விட்டுவிடும்படி கூறினார்கள். ஆயுதம் தெரிகிறது என்பதாலேயே ஒரு விளையாட்டு குற்றமாகிவிடுவதில்லை. அதற்காக, ஊரைக் கொளுத்துவதையும், வழியில் போகும் பெண்ணை அடித்துக் கொல்வதையும் ஆட்டமாக்கி வைத்திருப்பதை அந்த ஈட்டி விளையாட்டோடு ஒப்பிட நாம் தயாராக இல்லை.

நீ கொலைகாரனாகிவிடுவாய் என்று தகப்பனார் பிள்ளையிடம் சொல்கிறார். பிள்ளையோ தன்னோடு விளையாடும் பத்துப் பேரைப் பார்க்கிறான். ஒருவனும் கொலைகாரன் ஆகவில்லை. வாப்பா சொன்னது பொய் என்று அவன் மனத்தில் விழுகிறது. அடுத்த நாள் அதே வாப்பா தொழுகையை விடாதே என்று சொல்லும்போது, அதே காதால்தானே அவன் கேட்கிறான்? உண்மையான காரணங்களுக்கு நம்மிடம் பஞ்சமா? அஸர் தவறுகிறது, இரவு விழித்துப் பஜ்ரு போகிறது, திரையில் அவ்ரத்து தெரிகிறது, முன்பின் தெரியாதவர்களோடு வசைமொழி பேசப் பழகுகிறான். கட்டுப்பாடில்லாமல் விளையாட்டில் அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இவற்றை அப்படியே, உள்ள அளவில் சொல்லலாம். பிள்ளை ஆடுவது எது, அதன் மேல் என்ன வயது போட்டிருக்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. பார்க்காத சாட்சி சாட்சியல்ல.

காசு கட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைத் திறக்கும் ஏற்பாடு பல விளையாட்டுக்களில் இருக்கிறது. பெல்ஜியம் நாடு 2018இல் இதைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. கொலையைப் பற்றிய கூச்சலில் இந்த மைஸிர் யார் கண்ணிலும் படாமல் போகிறது. இதன் மஸ்அலா விரிவானது. இன்ஷா அல்லாஹ் வேறோர் இதழில் எழுதுவோம்.