ஓபிர் சாலை மாதா கோயில்

வெளிநாடு போனால் அந்நாட்டு அதிசயங்களை விட்டுவிட்டு நம்மவர்கள் விட்டுப்போன தடயங்களைத் தேடுகிற ஜாதி நான். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பசியாறிவிட்டு ஓபிர் சாலை லூர்து மாதா கோயிலுக்கு நடந்ததும் அந்தப் பழக்கத்தில்தான்.

பிரான்சின் லூர்து பேராலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டிய கோயில் அது. ஆனால் எழுப்பியது தமிழ்க் கத்தோலிக்கருக்காக. அதற்குமுன் அவர்கள் குயின் தெருவிலுள்ள பேதுரு பவுல் ஆலயத்தில் சீனர்களோடு சேர்ந்து பூசை கண்டவர்கள். மெனவ்ரியே என்ற பிரெஞ்சுக் குரு முன்னின்று நடத்த, 1886இல் அடிக்கல் நாட்டி 1888இல் திறந்தார்கள். பெர்னதெத் என்ற சிறுமி லூர்தில் மாதாவைக் கண்டதாகச் சொன்னது 1858இல். 1877இலேயே புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் லூர்து மாதாவுக்குக் கோயில் வந்துவிட்டது. அடுத்த பதினோரு ஆண்டில் இங்கே. பிரிட்டிஷ்காரர் ஆண்ட ஊரில், பிரெஞ்சுச் சாமியார், தமிழருக்குக் கட்டிய கோயில்! இதைக் காலனியச் சின்னம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1974இல் இந்தத் தமிழ்ப் பங்குக்கோயில் எல்லா இனத்தாருக்கும் பொதுவானது. அங்கேதான் என் யோசனை சிக்கிக்கொண்டது. நமக்கென்று வேண்டிப் பெற்ற ஒன்றை நாளைக்கு ஊருக்கே திறந்துவிட்டால் அது இன்னும் நம்முடையதுதானா? சங்கம், பள்ளி, கடைத்தெரு என்று புலம்பெயர்ந்தவர்கள் உண்டாக்கிய எல்லாவற்றுக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரத்தான் செய்கிறது.

விக்டோரியா தெருவில் இன்னொரு பிரெஞ்சுக் கைவண்ணம் இருக்கிறது. சைம்ஸ். கன்னியர் மடத்தோடு சேர்ந்த 1904ஆம் ஆண்டுச் சிற்றாலயம். 1983இல் மடமும் பள்ளியும் இடம்பெயர்ந்தன. இன்று வளாகம் முழுக்க உணவகங்கள், ஆலயக் கூடத்தில் கல்யாண விருந்துகள். கட்டடத்தைப் பேணியிருக்கும் அழகைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கண்ணாடி ஓவியங்களை அண்ணாந்து பார்த்த எனக்கு ஒரு படம் எடுக்கத் தோன்றியதே தவிர ஒரு நிமிஷம் உட்காரத் தோன்றவில்லை.

ஓபிர் சாலையில் உட்கார்ந்தேன். தலையில் மல்லிகை வைத்திருந்த ஓர் அம்மா மாதாவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்ற பிலிப்பைன்ஸ் பெண் கைக்குட்டையால் அதே பாதத்தைத் துடைத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். யாரும் யாரிடமும் கற்றதாகத் தெரியவில்லை; அவரவர் ஊர் வழக்கம். பாதத்தில் மட்டும் வர்ணம் தேய்ந்திருந்தது. 2005 முதல் இந்தக் கோயில் தேசிய நினைவுச்சின்னம், ஆனால் தேய்மானத்தை யாரும் தடுப்பதாகக் காணோம். அதுவும் சரிதான் என்று பட்டது.

தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நின்ற பெரியவரிடம் கேட்டேவிட்டேன்: “எல்லாரும் வர ஆரம்பிச்சதுல நம்ம கோயில் நம்ம கையை விட்டுப் போயிடுச்சுன்னு வருத்தம் இல்லையா ஐயா?”

“அவங்க வந்ததால தமிழ் போகல தம்பி,” என்றார். “என் பேரனே இங்கிலீஷ் பூசைக்குத்தான் போறான். அதுக்கு யாரைக் குத்தம் சொல்றது?”