குலுக்கலில் ஒரு வீடு

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் என்னைக் காண வந்தார். மனைவியின் மருத்துவச் செலவுக்காக வீட்டை வங்கியில் அடமானம் வைத்தவர். வட்டி ஏறிவிட்டது. விற்க முனைந்தால், அவரது அவசரத்தை அறிந்தவர்கள் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். எனவே வேறொரு வழி கண்டிருந்தார்.

“சாமி, வீடு ஐம்பது இலட்சம் பெறும். 2,000 ரூபாய் வீதம் 2,500 கூப்பன் விற்றால் போதும். விழுகிறவருக்கு வீடு, எனக்குக் கடன் தீரும். யாருக்கும் பெரிய நட்டமில்லை. கோவிலில் அறிவிப்பீர்களா?”

எங்கள் பங்கு கேரள எல்லையை ஒட்டியது. 2022இல் திருவனந்தபுரத்தில் ஒரு தம்பதியர் கடன் தீர்க்க இவ்வாறே கூப்பன் விற்க முனைந்த செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று அங்குள்ள லாட்டரித் துறை தடுத்த செய்தி அவரை எட்டவில்லை. 1967 முதல் அரசே லாட்டரி நடத்தும் கேரளத்திலும் தனியார் குலுக்கலுக்கு இடமில்லை. தமிழகத்திலோ 2003 முதல் லாட்டரிக்கே தடை. அனுமதியின்றி லாட்டரி நடத்துவோருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

சட்டம் ஒருபுறமிருக்க, கணக்கும் இடித்தது. ஆயிரம் கூப்பன்களே விற்றால் இருபது இலட்சத்துக்கு வீட்டைக் கொடுப்பதா, பணத்தைத் திருப்புவதா? வங்கியின் இசைவின்றி எழுதிக் கொடுக்க முடியுமா? சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். எனவே பரிசு விழுந்தவர் வீட்டைக் கேட்டு நீதிமன்றம் செல்லவும் வழியில்லை. பரிசுக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு. ஐம்பது இலட்சத்துக்குப் பதினைந்து இலட்சம். ஏழை ஒருவருக்கு விழுந்தால், வீட்டைப் பெறவே அவர் கடன்பட வேண்டும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், “சாமி, திருவிழாவுக்கு மோட்டார் சைக்கிள் பரிசு என்று எனக்குக் கூப்பன் விற்றீர்களே, அது மட்டும் சரியா?” என்றார்.

என்னிடம் விடையில்லை. எங்கள் குலுக்கலுக்கும் அரசின் அனுமதி இருந்ததில்லை.

சீட்டுப் போடுவது தன்னிலே தீதன்று. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டே தேர்ந்தனர். வாய்ப்பை நம்பிய விளையாட்டுகள் தம்மிலே நீதிக்கு முரணானவை அல்ல என்றும், ஒருவருடைய வாழ்வின் தேவைக்கானதை அவை பறிக்கும்போது ஏற்கத் தகாதவை ஆகின்றன என்றும் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2413) கற்பிக்கிறது. ‘பெரிய நட்டமில்லை’ என்ற சொல்லை இங்கே நிறுத்தி எடைபோட வேண்டும். அவரது சுமை மறையவில்லை. 2,499 பேர் மீது இறங்குகிறது. அவர்களில் எவருக்கு அந்த 2,000 ரூபாய் வார அரிசி, எவருக்கு வெற்றிலைக் காசு என்பதைக் கூப்பன் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. துன்புறும் அயலானுக்கு 200 ரூபாய் கொடுக்கத் தயங்கும் நாம், கூப்பனுக்கு 2,000 கொடுக்க முன்வருவது ஏன்? உதவும்போது நம் கண் அவர் முகத்தில் இருக்கிறது. கூப்பன் வாங்கும்போதோ அவர் வீட்டின் மீது இருக்கிறது. சிலுவையில் ஒருவர் துடித்துக்கொண்டிருக்க, அடியில் நின்றவர்கள் அவருடைய தையலில்லா அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள். அவர்கள் கொடியவர்களாக இருக்க வேண்டியதில்லை; நிமிர்ந்து பார்க்காதவர்களாக இருந்தாலே போதும்.

நான் அறிவிக்கவில்லை. ஆனால் ‘கூடாது’ என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அவருடைய வட்டி அதனால் குறையாது. வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவர் அவருடன் வங்கிக்குச் சென்று தவணை பெற்றுத் தந்தனர். அவசரம் தணிந்ததும், நான்காம் மாதத்தில் ஓரளவு நியாயமான விலைக்கு வீடு விற்றது. இன்று அவர் வாடகை வீட்டில் இருக்கிறார், கடனின்றி.

இவ்வாண்டுத் திருவிழாவில் குலுக்கல் நடத்தவில்லை. வரவு குறைந்தது, மன்றத்தின் கூரை இன்னும் முடியவில்லை. மழை நாளில் ஒழுகும்போதெல்லாம் அவரது கேள்வி என் நினைவுக்கு வருகிறது. அதைக் கேட்டதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன்.