யூசுபின் சட்டையும் ஓநாயின் வழக்கும்

திருமறையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சட்டை வருகிறது. யூசுப் (அலை) அவர்களைப் பாழ்ங்கிணற்றில் இட்டுவிட்டு வந்த சகோதரர்கள், இரவு கவிந்த வேளையில் அழுதுகொண்டே தந்தையிடம் வந்து, ஓநாய் தின்றுவிட்டது என்று கூறி, பொய் இரத்தம் தோய்ந்த அச்சட்டையைச் சான்றாக நீட்டினர். தந்தை யஃகூப் (அலை) அவர்கள் அதை நம்பவில்லை. அதற்கு விரிவுரையாளர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று என் உள்ளத்தை விட்டு அகல்வதேயில்லை. சட்டையில் இரத்தம் இருந்தது, கிழிசல் இல்லை. பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டைக்கு ஊறு செய்யாமல் இவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டதே என்று அவர்கள் வியந்ததாகத் தஃப்ஸீர்கள் உரைக்கின்றன.

மந்தை வைத்து வாழ்ந்த குடும்பம் அது. தந்தைக்கு ஓநாயைத் தெரியும். பல் எப்படிப் பதியும், துணி எப்படிக் கிழியும் என்பது தெரியும். மக்கள் கொண்டுவந்த ஓநாயோ உலகத்தில் இல்லாத ஓநாய். அந்தக் கற்பனையையும் அவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் கவனமற்றிருக்கையில் ஓநாய் தின்றுவிடுமோ என அஞ்சுகிறேன் என்று தந்தை சொன்ன சொல்லையே எடுத்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இரவல் வாங்கிய ஓநாய்க்கு இயல்பு எங்கிருந்து வரும்?

இதை நான் இப்போது எழுதுவதற்கு ஓர் இளைஞர் காரணம். அம்பத்தூரில் என்னிடம் சிறு வயதில் ஓதியவர். இன்று கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறார். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நண்பர்கள் மூவரோடு விடுமுறை நாட்களில் கூடி ஒரு விளையாட்டு ஆடுகிறார். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அது அந்தச் சூழலில் என்ன செய்யும் என்று தாமே தீர்மானித்துச் சொல்வர். பகடை உருட்டி விளைவை அறிவர். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தின் வழிவந்த முறை இது. பகடை என்றதும் என் புருவம் உயர்ந்தது. பணயம் ஏதுமில்லை என்றார். நர்து பற்றிய சட்ட விவாதத்தை வேறொரு நாளைக்கு ஒதுக்கிவைத்தோம்.

"ஹஜ்ரத், நான் ஓநாய் வேடம் எடுத்திருக்கிறேன். அது சினிமா ஓநாயாக இருக்கக் கூடாது. உண்மையான ஓநாயாக இருக்க வேண்டும். நம் கிதாபுகளில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று சிலர் நகைக்கக் கூடும். நான் நகைக்கவில்லை. முஹர்ரம் நாட்களில் புலிவேடம் கட்டி ஆடியவர்களைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. மார்க்க அறிஞர்கள் அதைக் கண்டித்தது வேறு காரணத்திற்காக. ஆயினும் அந்த வேடக்காரர்களுள் எத்தனை பேர் புலியைப் பார்த்திருப்பர் என்று யாரும் கேட்டதில்லை. இவர் கேட்கிறார். இக்கேள்வியின் உள்ளே அறத்தைப் பற்றிய ஒரு வினா ஒளிந்திருக்கிறது. வாயில்லாப் பிராணியின் பெயரால் நாம் பேசும்போது, அதற்கு உண்மையாக இருக்கக் கடமைப்பட்டவர்களா?

கற்பனை பொய்யாகாதா என்ற தடையை முதலில் நீக்கிவிடலாம். கி.பி. 1122இல் மறைந்த ஹரீரீ தம் 'மகாமாத்' நூலின் முன்னுரையிலேயே இதற்கு விடை கூறிவிட்டார். விலங்குகளும் சடப்பொருள்களும் பேசுவதாகப் புனைந்த கதைகளை எந்த அறிஞரும் காதில் வாங்க மறுத்ததில்லை. அவற்றைச் சொன்னவரைப் பாவி என்றதும் இல்லை என்பது அவர் வாதம். மத்ரஸாக்களில் 'மகாமாத்' ஓதியவர்கள் அம்முன்னுரையின் சொல்லழகில் மயங்கிப் பொருளைக் கடந்து போய்விடுவதுண்டு. 'கலீலா வ திம்னா'வில் சிங்கத்தின் அவையில் இருக்கும் ஓநாயும் காகமும் நரியும் கூடி, அடைக்கலம் புகுந்த ஒட்டகத்தை வஞ்சிக்கின்றன. இப்னுல் முகஃப்பஃ அரபியில் தந்த அக்கதையைப் படிக்கும் எவரும் அதை ஓநாயின் குணம் என்று கொள்வதில்லை. அரசவை மனிதர்களின் குணம் என்றே கொள்வர். முகமூடி முகமூடியென்று தெரிந்திருக்கும்வரை அங்கே பொய் இல்லை.

நம் இளைஞர் கேட்பது முகமூடியன்று. ஓநாயே வேண்டும் என்கிறார். இங்குதான் கணக்கு மாறுகிறது. இது ஓநாய்தான் என்று சொல்லிவிட்டு, அதன்மேல் இல்லாததை ஏற்றினால் அதற்கு அநீதி என்றுதான் பெயர். ஒரு பொருளை அதற்குரியதல்லாத இடத்தில் வைப்பதே 'ளுல்ம்' என்று அரபி அறிஞர்கள் இலக்கணம் வகுத்தனர். ஓநாயை மேய்ப்பனாக வைத்தவன் அநீதி செய்தான் என்று அரபியரிடையே ஒரு பழமொழி உண்டு. யாருக்கு அநீதி? ஆடுகளுக்கு என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். பழமொழிகளைத் தொகுத்த மைதானீ அதோடு நிற்கவில்லை. ஓநாய்க்கே இழைத்த அநீதி என்றும் பொருள் கொள்ளலாம். ஏனெனில் அதன் இயல்பில் இல்லாத ஒன்றை அதன் தலையில் சுமத்தினான் என்று விளக்குகிறார். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தக் குறிப்பைப் போல ஓநாயின் பக்கம் நின்று பேசிய சொல் வேறொன்றை நான் அறியேன்.

தமிழில் நாம் என்ன செய்திருக்கிறோம்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்கிறோம். ஓநாய் ஆட்டைத் தின்னும். அதற்காக அழுது நடிக்காது. நடிப்பது யாருடைய தொழில் என்பது நமக்கே தெரியும். போதாக்குறைக்கு, ஓநாயையும் செந்நாயையும் ஒன்றெனக் குழப்புகிறோம். செந்நாய் முதுமலையிலும் ஆனைமலையிலும் காடுகளில் கூட்டமாக வாழும் வேறு விலங்கு. ஓநாய் போல் ஊளையிடாமல் சீழ்க்கை போன்ற ஒலியெழுப்பும். இந்திய ஓநாயோ அடர்ந்த காட்டின் பிராணியன்று. குஜராத்தின் வேளாவதர், மராட்டியத்தின் சோலாப்பூர், கர்நாடகத்தின் கொப்பள் போன்ற வறண்ட புல்வெளிகளும் முட்புதர் நிலங்களுமே அதன் வீடு. சுமார் 20 கிலோ எடையுள்ள மெலிந்த உடல். வெளிமான், முயல், எலி, கிடைத்தால் ஆடு. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 3,000 ஓநாய்களே எஞ்சியிருப்பதாக அண்மை ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அம்பத்தூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் தெருநாய்தான். அது ஓநாயின் வழிவந்த உறவு என்பது உண்மை. ஆயினும் குறைந்தது 14,000 ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்துவிட்ட உறவு. அதைப் பார்த்து ஓநாயை எழுதுவது, பட்டணத்துப் பேரனைப் பார்த்துப் பாலைவனத்துப் பாட்டனை எழுதுவது போன்றது.

இளைஞர் தம் பாத்திரத்துக்கு எழுதி வைத்திருந்த குறிப்பை வாசித்துக் காட்டினார். கூட்டத்தின் 'ஆல்ஃபா' தலைவன். சண்டையிட்டுப் பதவியைப் பிடித்தவன். எதிர்த்தவரை அடக்குபவன் என்று இருந்தது. இந்தக் கருத்தின் வரலாறு சுவையானது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற அறிஞர், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர விலங்குக்காட்சியில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை ஆராய்ந்து, அவை முதன்மைக்காக ஓயாமல் மோதுகின்றன என்று எழுதினார். அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பிற்று. பின்னர் அவரே 1986 முதல் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் தங்கி, கட்டற்று வாழும் ஓநாய்களை அருகிருந்து கண்டார். அங்கே தலைவனும் இல்லை, பதவிச் சண்டையும் இல்லை. தந்தை, தாய், கடந்த ஓரிரு ஆண்டுகளில் பிறந்த மக்கள், அவ்வளவுதான் கூட்டம். 1999இல் தம் பழைய கருத்தைத் திருத்திக் கட்டுரை எழுதினார். தம் நூலை இனி அச்சிட வேண்டாமென்று பதிப்பகத்தாரைப் பல்லாண்டுகள் வேண்டி, 2022இல்தான் அது நின்றது. தாம் எழுதியதையே நிறுத்தச் சொல்லிப் போராடிய அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

சிறைக்கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு மனிதர்கள் இப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள் என்று ஒருவன் எழுதினால் எப்படியிருக்கும்? அந்நியர்களைப் பிடித்து ஒரு கூண்டில் அடைத்தது மனிதன்; அதனால் எழுந்த சச்சரவை அவற்றின் பிறவிக்குணம் என்று எழுதியவனும் மனிதன். பிறகு அதையே எடுத்து, அலுவலகத்தில் பிறரை மிதிப்பவன் 'ஆல்ஃபா' மனிதன் என்று பெருமை பேசவும் தொடங்கிவிட்டான். தன் ஆணவத்துக்கு ஓநாயைச் சாட்சியாக அழைக்கிறான். யூசுபின் சகோதரர்கள் குற்றத்தைத்தான் ஓநாயின்மேல் போட்டார்கள். இவர்கள் கொள்கையையே போட்டுவிட்டார்கள்.

உண்மை ஓநாயின் வாழ்வோ உழைப்பாளிக் குடும்பத்தின் வாழ்வு. தாய் ஏறத்தாழ 63 நாட்கள் சுமந்து குழியில் ஈனுகிறது. தந்தையும் மூத்த பிள்ளைகளும் இரையை வயிற்றில் சுமந்து வந்து கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டுகின்றன. வேட்டைகளில் பெரும்பாலானவை தோல்வியில்தான் முடிகின்றன. ஊளையிடுவது நிலவைக் கண்டன்று; பிரிந்தவரை அழைக்கவும், இது எங்கள் எல்லை என்று அயலாருக்கு அறிவிக்கவுமே. இதில் பழைய அரபிக் கவிஞர்கள் நம் திரைப்படக்காரர்களைவிட எவ்வளவோ மேல். இஸ்லாத்திற்கு முந்திய ஷன்ஃபரா தம் 'லாமிய்யா'வில், பசித்த ஓநாய் ஒன்று அழைக்க, அதுபோலவே மெலிந்த ஓநாய்கள் பதில் கொடுப்பதையும், முறையிட்டுப் பயனில்லையெனப் பொறுத்துத் திரும்புவதையும் பாடியிருக்கிறார். ஃபரஸ்தக் பயண இரவில் வந்த ஓநாய்க்குத் தம் உணவைப் பங்கிட்டார். அதே பாட்டில் துரோகத்தை அதன் உடன்பிறப்பென்று ஏசவும் செய்தார். கை ஒன்று கொடுக்க, மற்றது வாளின்மேல் இருந்தது. ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் விழித்து ஓநாய் உறங்கும் என்ற நம்பிக்கையும் அரபியரிடம் இருந்தது. பாதி மூளையோடு உறங்கும் ஆற்றல் கடலில் வாழும் டால்ஃபினுக்கு உண்டு, ஓநாய்க்கு இல்லை. இதை இளைஞரிடம் சொன்னபோது அவருக்குச் சற்று ஏமாற்றம். அந்த உறக்கத்தைத் தம் பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருந்தார்.

அப்படியானால் ஓநாய் அப்பாவியா? அப்படிச் சொல்வதும் இன்னொரு பொய். 2024ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்கள் ஊர்களுக்குள் புகுந்து தாக்கியதில் உயிரிழந்தோருள் பெரும்பாலோர் குழந்தைகள். கதவில்லாத வீட்டில் தாயின் அருகே உறங்கிய ஏழைப் பிள்ளைகள். அந்தத் தாயரின்முன் நின்று ஓநாயின் குடும்பப் பாசத்தைப் பேச எனக்குத் துணிவில்லை. 1996இலும் அதே மாநிலத்தின் கிழக்கு மாவட்டங்களில் பல குழந்தைகளை ஓநாய் தூக்கிச் சென்றது. அப்போது நடந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இது விலங்கன்று, ஓநாய் உருவெடுக்கும் மனிதன் என்ற வதந்தி பரவி, ஊருக்குப் புதியவர்கள் ஐயத்தின்பேரில் அடித்துக் கொல்லப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. கன்ஆனில் மனிதன் செய்ததை ஓநாயின்மேல் போட்டார்கள்; இங்கே ஓநாய் செய்ததை மனிதன்மேல் போட்டார்கள். இரண்டு இடத்திலும் ஓநாயின் உண்மையான தடத்தைப் பார்க்க யாரும் குனியவில்லை. ஓநாயைச் சரியாக அறிவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர், அந்த வழிப்போக்கர்களின் வீட்டாரைக் கேட்கட்டும்.

நண்பர்களுள் பூந்தமல்லிக்காரர் இடையன் பாத்திரம் ஏற்றவர். "நீங்கள் எல்லாரும் ஓநாய்க்கே வக்காலத்து வாங்குகிறீர்கள். என் ஆட்டுக்கு யார் பேசுவது?" என்று அவர் கேட்டனுப்பினார். நியாயமான கேள்வி. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் 'முவத்தா'வில், இஹ்ராம் கட்டியவரும் கொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்ட 'கடிக்கும் நாய்' என்ற சொல்லில், மனிதரைத் தாக்கும் சிங்கம், சிறுத்தை, ஓநாய் ஆகியவற்றையும் அடக்குகிறார்கள். பாய்ந்து வருவதைத் தடுக்க உரிமை உண்டு. நாட்டுச் சட்டமோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாயை வைத்திருக்கிறது; உயர் அலுவலரின் ஆணையின்றிக் கொல்ல முடியாது. தக்காணத்து இடையருள் சிலர் ஓநாய் கொண்டுபோகும் ஆட்டை அதற்குரிய பங்கு என்றே எண்ணுகின்றனர். சட்டங்கள் வேறுபடலாம். ஆனால் கொல்வதற்கு அனுமதி தந்த எந்தச் சட்டமும் பழி சொல்வதற்கு அனுமதி தந்ததாக நான் ஓதியதில்லை. 'இஃக்வானுஸ் ஸஃபா' என்ற பஸராவின் அறிஞர் குழாம் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய நூலில், விலங்குகள் ஜின்களின் அரசர் அவையில் மனிதர்மீது வழக்குத் தொடுக்கின்றன. அங்கே கொன்று தின்னும் விலங்குகளும் தம் பிரதிநிதியை அனுப்பி வாதாடுகின்றன. கொலைத்தொழில் உடையவற்றுக்கும் வழக்குமன்றத்தில் இடம் உண்டென்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இளைஞர் தம் குறிப்பைத் திருத்தி எழுதினார். ஆல்ஃபா போயிற்று. பேச்சும் போயிற்று, தம் முறை வரும்போது ஓநாய் எதை முகர்ந்தது, எதைக் கேட்டது, எத்தனை நாள் பட்டினி என்பவற்றை மட்டுமே சொல்கிறாராம். கோபம், பழி, சதி என்று சொன்னால் கதை நடத்துபவர் அம்முறையை ரத்துச் செய்துவிடுவாராம். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஓர் இடத்தில் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள். குழியில் குட்டிகள் மூன்று, பட்டினி நான்காம் நாள், பட்டியில் ஆடுகள் பதினொன்று, வேலியில் ஓரிடம் தளர்ந்திருக்கிறது, இடையன் விழித்திருக்கிறான்.